பிழைவழியில் ஒரு கசிவு

சி மொழியில் மேலாக் வழியாகக் கேட்டுப் பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தருவது நிரலெழுதியவரின் பொறுப்பு. இதை இளநிலை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் ஆய்வு நிரலிலேயே அந்தத் தவறு இருந்தது.

வலையமைப்பில் வரும் செய்திகளைப் பகுத்துப் பதிவுசெய்யும் சேவை நிரல் அது. 2 ஜிபி நினைவகமுள்ள சிறு கணினியில் ஓடவிட்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவில் நினைவகம் தீர்ந்துபோக, லினக்ஸ் கருவகம் அதை நிறுத்திவிட்டது. நான் காரணத்தைத் தேடவில்லை. நள்ளிரவுதோறும் நிரலை மறுதொடக்கம் செய்யும்படி கிரானில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அளவீடுகளைத் தொடர்ந்தேன்.

இரண்டு வாரம் கழிந்து கட்டுரை எழுத அமர்ந்தேன். ‘14 நாள்கள் இடைவிடாது இயங்கியது’ என்று எழுதினேன். அந்த வாக்கியம் பொய் என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் நிரலின் அட்டவணை வெறுமையாகி, மறுமொழி நேரமும் மாறியிருந்தது. அன்றிரவே நெறியாளரிடம் உண்மையைச் சொன்னேன். “முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்” என்றார்.

வால்கிரைண்டில் ஓட்டினேன்; கசிவே இல்லை என்றது. என் சோதனைச் செய்திகள் அனைத்தும் சரியானவை என்பதே காரணம். வேண்டுமென்றே பழுதான செய்திகளை அனுப்பியபோது கசிவு வெளிப்பட்டது. செய்திக்கு 64 பைட்டு ஒதுக்கிய பின், அதன் நீளம் பிழையானால் சார்பு அப்படியே திரும்பிவிடுகிறது, விடுவிப்பவர் யாருமில்லை. நொடிக்கு 100 பழுதான செய்திகள் என்றால் நாளொன்றுக்கு 55 கோடி பைட்டுகளுக்கு மேல்.

அவசரமாக, சார்பை அழைத்த இடத்தில் ஃப்ரீ ஒன்றைச் சேர்த்தேன். கசிவு நின்றது; நிரல் வேறிடத்தில் முறிந்தது. சரியான செய்தியின் சுட்டியை அட்டவணை இன்னும் வைத்திருந்தது; அதையும் சேர்த்து விடுவித்துவிட்டேன். வால்கிரைண்ட் காட்டுவது நினைவகம் ஒதுக்கப்பட்ட வரியை. எங்கே விடுவிக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அந்த 64 பைட்டுகள் எந்தக் கணம் வரை சார்புக்கு உரியவை, எப்போது அட்டவணைக்கு உரியவை ஆகின்றன என்பதை நான் ஒருபோதும் தீர்மானித்திருக்கவில்லை.

தாளில் அதை எழுதிய பிறகு திருத்தம் எளிதாயிற்று. லினக்ஸ் கருவக நிரல்களில் வழக்கமாகக் காணும் முறையில், பிழைவழிகள் யாவும் கோட்டூ வழியாகச் சார்பின் இறுதியிலுள்ள ஒரே இடத்துக்கு வந்து, அங்கே நினைவகத்தை விடுவிக்கின்றன. அட்டவணையிடம் ஒப்படைத்ததும் சார்பு தன் சுட்டியை நல் ஆக்கிவிடுகிறது. நல் சுட்டியை ஃப்ரீயிடம் கொடுத்தால் தீங்கில்லை.

கிரானிலிருந்து அந்த வரியை நீக்கினேன். பழைய அளவீடுகளை ஒதுக்கிவைத்து முதலிலிருந்து தொடங்கினேன். கருத்தரங்கின் காலக்கெடு கடந்துவிட்டது. இம்முறை நிரல் 14 நாள்களும் நிற்காமல் ஓடியது. கட்டுரையில் அந்த வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் மீண்டும் எழுதினேன்.