பதினைந்து ஊசியும் ஒரு துண்டு ராசில்க்கும்

"நிமிஷத்துக்கு 1,200 ஸ்டிட்ச் ஓடுமுங்கக்கா" என்றார் கடைக்காரத் தம்பி, நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

திருப்பூரில் எம்ப்ராய்டரி மெஷின் விற்கும் கடை அது. கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டு முன்னறையிலேயே ப்ளவுஸ் தைக்கும் என் அக்காவுக்காகப் போயிருந்தோம். முகூர்த்த மாதம் வந்தால் ஆரி வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால் சொன்ன தேதிக்குத் துணி திரும்புவதில்லை. சொந்த மெஷின் ஒன்றுதான் வழி என்று முடிவெடுத்திருந்தாள்.

கடையின் பாதி இடத்தைப் பனியன் கம்பெனிகளுக்கான இருபது தலை மெஷின்கள் அடைத்துக்கொண்டிருந்தன. வெட்டிய துணியில் ஒரே லோகோவை வரிசையாகப் போட அவை சரி. தைத்து முடித்த சட்டையின் கையிலோ தொப்பியிலோ பூ போட வேண்டுமென்றால், ஊசிக்குக் கீழே ஒடுக்கமான குழாய்க் கை நீட்டிக்கொண்டிருக்கும் சிங்கிள் ஹெட் மெஷின்தான் வேண்டும். அது ஒரு மூலையில் இருந்தது. 15 ஊசி. ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் கோத்துவிட்டால் மெஷின் தானே நூலை வெட்டி அடுத்த நிறத்துக்குப் போகும். வீட்டு உபயோகத்துக்கான ஒற்றை ஊசி மெஷினில் நிறம் மாறும்போதெல்லாம் நாமே எழுந்துபோய் நூல் கோக்க வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அது நடக்கிற காரியமா?

தம்பி காட்டிய மாதிரித் துணிகள் கெட்டிப் பருத்தி. அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் போடும். அக்கா பையிலிருந்து ஒரு துண்டு ராசில்க்கையும் ஒரு ஜரி நூல் கோனையும் எடுத்தாள். "இதுல போடுங்க தம்பி."

பிரேமில் துணியை இறுக்கி, அடியில் பேப்பர் வைத்து ஓடவிட்டார். ஊசி இருந்த இடத்திலேயே மேலும் கீழும் குத்த, பிரேம்தான் துணியோடு அங்குமிங்கும் ஓடியது. திரையில் வேகம் ஆயிரத்தைத் தொட்டதும் ஜரி பட்டென்று அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றது. மறுபடி கோத்து 600-க்குக் குறைத்த பிறகு நூல் அறுபடவே இல்லை. விளம்பரத்து வேகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இது போதும். 36,000 ஸ்டிட்ச் கொண்ட ப்ளவுஸ் டிசைன் 1,200-ல் அரை மணி நேரம். 600-ல் ஒரு மணி நேரம். நிறம் மாறவும் நூல் வெட்டவும் ஆகும் நேரம் தனி.

எடுத்த துணியை நான் முன்பக்கம் பார்த்தேன். அக்கா திருப்பிப் பார்த்தாள். சாட்டின் தையலின் அடியில் வெள்ளைப் பாபின் நூல் நடுவில் மூன்றில் ஒரு பங்காகத் தெரிய வேண்டும், இரண்டு ஓரத்திலும் மேல் நூல். இதில் ஒரு இதழில் வெள்ளையே காணோம். "மேல் டென்ஷன் லூசா இருக்குங்க" என்றாள். தம்பி குமிழை அரைச் சுற்று திருகி இன்னொரு இதழ் போட்டுக் காட்டினார். எனக்கென்னவோ மெஷினைவிட அந்த அரைச் சுற்றில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

டிசைனை நாமே உருவாக்கும் பஞ்சிங் சாப்ட்வேரையும் தலையில் கட்டப் பார்த்தார். அக்கா மறுத்துவிட்டாள்; ஆரம்பத்தில் டிசைனை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் டிஎஸ்டி கோப்பாகத்தான் கிடைக்கும். அதில் நூல் நிறம் பதிந்திருக்காது, எந்த ஊசிக்கு எந்த நிறம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். கொஞ்சத்துக்கு மேல் பெரிதாக்கினால் தையல் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும். மூன்று அளவில் தனித்தனியாக வாங்குவதே உத்தமம்.

கரண்டு போனால்? விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றார். மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னோம், தொடர்ந்தது. சிங்கிள் பேஸ் போதும். ஆனால் எடை நூறு கிலோவுக்கு மேல், மாடி அறைக்கு வேண்டாம். வாசற்கதவு அகலத்தை அக்கா வீட்டிலேயே நூலில் அளந்து முடிச்சுப் போட்டு வந்திருந்தாள். ஸ்டாண்டைக் கழற்றினால்தான் உள்ளே நுழையும்.

பணத்துக்கு வங்கியில் முத்ரா கடன் கேட்பதாக இருந்தோம். அதில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. வங்கிக்குக் காட்டக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டோம். தம்பி அட்வான்ஸ் கேட்டார்.

"கோபி பக்கம் உங்க மெஷின் ஓடற வீடு ஏதாச்சும் சொல்லுங்க. பாத்துட்டுத் தர்றேனுங்க" என்றாள் அக்கா.

குன்னத்தூரில் ஒரு வீட்டைச் சொன்னார். வழியிலேயே இறங்கிப் போனோம். அந்தம்மா மெஷினை நிறுத்தாமலே பேசினார். கடையில் தந்த பயிற்சி நூல் கோக்க மட்டும்தான் ஆனதாம். டென்ஷனெல்லாம் துணியைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாராம். ஊசி உடைந்து, அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக்கில் பட்டுக் கீறல் விழுந்தால் நூல் பிசிறி அறுந்துகொண்டே இருக்கும், மெக்கானிக் திருப்பூரிலிருந்து வர இரண்டு நாளாகும் என்றார். "மெஷினோட ஒரு ஹூக்கும் சேர்த்துக் கேளுங்க. குடுப்பாங்க, நீங்க கேட்டாத்தான்."

அக்கா அங்கிருந்தே கடைக்குப் போன் போட்டாள்.