தேய்ந்த கிளட்சும் தேய்த்த கையும்

மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வேகங்கொள்ள, வண்டியோ அதற்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாததுபோலப் பின்தங்குமானால், கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று நிச்சயித்துக் கடைக்குப் புறப்பட்டுவிடுவது பலருடைய சுபாவம். சென்னையில் 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் தயாரித்த, வலப்பக்கம் கியர் மாற்றும் பழைய 350 புல்லட்டுகளை வீட்டு முற்றத்திலேயே பழுது பார்த்துவரும் நான், ஸ்பானரைத் தொடுமுன் லீவரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அதில் 2, 3 மில்லிமீட்டராவது பிளே இல்லாமல் கேபிள் விறைத்து நிற்குமானால், புதிதாகப் போடும் பிளேட்டுகளும் முழுப்பிடி கிட்டாமல் வழுக்கி, சொற்ப காலத்தில் பழையவற்றின் கதியையே அடையும்.

கேபிளில் குற்றமில்லையென்று தெளிந்த பின்பே, இடப்பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுச் செயின் கேஸ் மூடியைத் திறக்கவேண்டும். அவ்வளவு அகலமான மூடியை ஒரே ஒரு நட்டுதான் தாங்கி நிற்கிறது என்பது முதன்முறை பார்ப்பவருக்கு ஆச்சரியமாயிருக்கும். உள்ளே மூன்று ஸ்குரூக்களையும் மாற்றி மாற்றிச் சமமாகத் தளர்த்தினால் ஸ்பிரிங்குகளும் பிரஷர் பிளேட்டும் கைக்கு வரும். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைப்பது உத்தமம்.

இனிமேல்தான் வேலையின் சாரமான பாகம். ஸ்டீல் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. கண்ணாடிமேல் படுக்கவைத்து, விளிம்பினடியில் ஃபீலர் கேஜின் தகடு நுழைகிறதா என்று பார்த்தால் வளைவும் புலப்படும். மூன்று ஸ்பிரிங்குகளையும் அக்கண்ணாடிமேலேயே அருகருகே நிறுத்தி, மேலே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்கிறபோது, ஒன்று குட்டையாய்ப் போயிருப்பது தெரிந்தால், மூன்றையுமே மாற்றுவதுதான் முறை. இல்லாவிடில் பிரஷர் பிளேட் கோணலாக எழும்பி, நியூட்ரல் விழுவதே பெரும்பாடாகிவிடும். ட்ரம்மின் காடிகளில் பிளேட்டின் பற்கள் இடித்து இடித்து ஏற்படுத்திய பள்ளங்கள் இலேசானவையாயின் அரத்தால் ராவி விடலாம். ஆழமாயின் ட்ரம்மே மாறவேண்டும்.

புது பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே பூட்டவேண்டும். விலையுயர்ந்ததாயிற்றே என்று காருக்குரிய எண்ணெயைச் செயின் கேஸில் வார்ப்பது விபரீதம். உராய்வைக் குறைப்பதற்காக அதில் கலந்திருக்கும் வஸ்துக்கள், உராய்வையே ஜீவாதாரமாகக் கொண்ட கிளட்சை வழுக்கச் செய்துவிடும்.

இத்தனை சிரத்தையும் பலிப்பது ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது லீவரை அழுத்தியபடியே காத்திராமல் நியூட்ரலுக்கு வாருங்கள். ஓடும்போது விரல்களை லீவர்மேல் சாத்திவைக்காதீர்கள். மேட்டில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்காமல் பிரேக்கைப் பிடியுங்கள். பிளேட்டைத் தேய்ப்பது ஓடிய தூரத்தைக் காட்டிலும் இந்தப் பழக்கங்களே.