வீக்கத்தின் கணக்கு

முகம் திடீரென வீங்கினால், "என்னத்தைத் தின்றாய்?" என்று கேட்பதே நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஆனால் உணவோடு தொடர்பில்லாமல், பரம்பரையாகவே வரும் வீக்கநோய் ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் அதைக் கண்டு 1888இல் எழுதி வைத்தார் வைத்தியர் ஆஸ்லர். இரத்தத்தில் ‘சி1 தடுப்பான்’ என்னும் புரதத்தின் குறைபாடே காரணம் என்பது 1963இல் புலப்பட்டது. ஏறக்குறைய 50,000 பேரில் ஒருவருக்கே இது வரும். அரிப்பும் இராது, தடிப்பும் இராது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்துகளுக்கு இது கட்டுப்படுவதுமில்லை. குடல் வீங்கினால் குடல்வால் நோயோ என மயக்கும். தொண்டை வீங்கினாலோ உயிருக்கே ஆபத்து.

வீக்கம் வடிந்தபின் வைத்தியர்முன் போய் நிற்பவர் நோயற்றவராகவே தோன்றுவார். ஆகையால் நோயின் பாரத்தை அளக்க, நாளுக்கு 5 கேள்விகள் வீதம் 28 நாட்கள் குறிப்பெழுதச் சொல்கிறார்கள். வாழ்க்கைத் தரத்தை அறிய வேறு 17 கேள்விகளும் உண்டு. அவற்றில் வேலை, உணவு, அச்சம், வெட்கம் யாவும் அடங்கும். வெட்கத்தையும் மறவாமல் சேர்த்தவர்கள் மனிதரை அறிந்தவர்கள்தாம்!

அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்திக்கு இந்நோய் இருந்தால்? ஓயாத அழுத்தமும் சிறு காயமும் வீக்கத்தைத் தூண்டக்கூடியவை. விரல் மடங்காத நாளில் கொழுந்தின் நிறை குறையும், முழுப்பேர் அரைப்பேராகும். அவள் பேர் விழாத நாட்களையும் அந்தக் குறிப்போடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பேன். எழுத்தறியாதவளாயின், பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரலாம். ஆனால் தாயின் நோய் பிள்ளைக்கும் வர இரண்டிலொரு பங்கு வாய்ப்புண்டு. எழுதும் பிள்ளையின் இரத்தத்தையும் சோதித்துவிடவேண்டும்.