கடலில் கலக்கும் நீர் வீணா?

"காவிரி நீர் கடலில் வீணாய்க் கலக்கிறது" என்று மேடைகளில் முழங்கியவர்களுள் நாமும் ஒருவர். நெய்தல் திணையைப் பல்லாண்டு வகுப்பில் கற்பித்தும் அந்நீரின் பயனை அறிந்தோமில்லை.

அவ்வறியாமையை அகற்றியவர் நம் அதிராம்பட்டினத்து முதிய மீனவர் ஒருவர். ஒருநாள் மாலை அலையாத்தி வேர்களினூடே இரு கைகளாலும் நீரை அள்ளிக் காட்டினார். நகத்தளவு மடவைக் குஞ்சுகள் அதில் துள்ளின. "இதுதான் தம்பி, இதுகளுக்குத் தொட்டில். ஆத்துத் தண்ணி வரலேன்னா உப்பு ஏறிப்போகும்" என்றவர், குஞ்சுகளை மெல்ல நீரிலேயே விட்டார்.

மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகளோ ஆறும் கடலும் கலக்குமிடத்தை நாடி வரும். அங்கே இரையும் உண்டு. பெருமீன்களுக்கு மறைந்திட வேர்க்காலும் உண்டு. கொடுவாய்க் குஞ்சுகளும் அவ்வாறே. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலுக்குக் கொணரும் நன்னீரும் வண்டலுமே அக்காட்டை வாழ்விப்பன. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது; வயலுக்கு நீர் தேக்கினோம், கடைமடைக்கும் கேட்டோம். கடைமடைக்கு அப்பாலும் ஓர் உயிர்க்கூட்டம் காத்திருப்பதை மறந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் அக்காட்டையும் சிதைத்துச் சென்றது.

அன்றிரவு நம் சொற்பொழிவுக் குறிப்பை எடுத்து, 'வீணாய்' என்னும் சொல்லை அடித்தோம். மாணவச் செல்வங்களே, நீங்கள் அதனை எழுதாமலேயே இருப்பீராக!