தலைவிதியா? சாலைவிதியா?

லாரி செய்யும் ஊர் ஓசூர். இருசக்கர வண்டி செய்யும் ஊரும் ஓசூர்தான். ஒரு திருகாணி எத்துணை இறுக்கம் கொள்ள வேண்டும், ஒரு பிரேக் எத்தனை அடிக்குள் வண்டியை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு, சோதித்து, சோதித்ததை மீண்டும் சோதித்து, வண்டியை வெளியே அனுப்புகிறார்கள் தொழிலாளத் தோழர்கள். அந்த வண்டி கடைவீதிக்கு வந்ததும் நடப்பதென்ன? சக்கரத்தின் அடியிலே எலுமிச்சம்பழம்! முகப்பிலே கறுப்புக் கயிறு! இனி ஆபத்தில்லை என்று கைகூப்புகிறார் உரிமையாளர். அறிவு பெற்றெடுத்த வண்டிக்கு அறியாமை காவல்!

ஆயுத பூசையன்று காட்சி இன்னும் கொடிது. கண்ணேறு கழிய வேண்டுமாம். வெண்பூசணியை நடுச்சாலையில் உடைக்கிறார்கள். குங்குமம் கலந்த சதையும் விதையும் தார்ச்சாலையில் வழவழத்துக் கிடக்கின்றன. இருள் கவிந்தபின் அவ்வழி வரும் இருசக்கர வண்டி வழுக்கி விழுகிறது. ஒருவர் கண்ணேறு கழிய, ஊர் பேர் தெரியாத இன்னொருவர் கால் முறிய வேண்டுமா? இதற்குப் பெயர் பக்தியா, தோழர்களே?

ஆயுத பூசையில் தொடங்கும் விடுமுறைக் காலம் தீபாவளி, பொங்கல் என்று நீளுகிறது. பெங்களூரில் பிழைப்புத் தேடிய நம் இளைஞர்கள் அத்திப்பள்ளியைக் கடந்து, ஜூஜூவாடியில் தமிழ் மண்ணைத் தொட்டு, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் என்று விரைகிறார்கள். முன்பு 7 என்றும் இன்று 44 என்றும் எண்ணிடப்பட்ட நெடுஞ்சாலை அது. அதே சாலையில்தான் 2016 ஜூன் 3 அன்று மேலுமலை அருகே லாரியும் பேருந்தும் காரும் மோதி 17 உயிர்கள் பறிபோயின. 2020 டிசம்பர் 12 அன்று தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி முன்னிருந்த வண்டிகள்மீது வரிசையாக மோதியதில் நால்வர் மாண்டனர்.

வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாளில் பிறந்த 17 பேருக்கும் ஒரே நொடியில் ஆயுள் முடியும் என்று எந்தப் பிரமன் எழுதினான்? சோதிடம் எதற்காக? காரணத்தைச் சாலையிலே தேடலாமே! மலை இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று கியரை விடுவித்து லாரியை உருளவிடும் பழக்கம் இருக்கிறது. எஞ்சினின் பிடி போய்விடுகிறது; பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்குகிறது; தாங்கித் தாங்கிச் சூடேறி அதுவும் கைவிடுகிறது. இது விதியின் விளையாட்டன்று, வெப்பத்தின் வேலை. 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால் மோதலின் ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்கு. எந்தப் பரிகாரமும் குறைக்க முடியாத கணக்கு இது.

என் வகுப்பு மாணவன் ஒருவனின் அண்ணன், தீபாவளிக்கு முந்தைய இரவு பெங்களூரிலிருந்து இருசக்கர வண்டியில் புறப்பட்டான், வீடு சேரவில்லை. தம்பிக்கு வாங்கிய புதுச்சட்டை பையிலே மடிப்புக் கலையாமல் இருந்தது. தலைக்கவசமும் இருந்தது, தலையிலே அல்ல, வண்டியின் கைப்பிடியிலே! துக்கம் கேட்க வந்தோர் அனைவரும், ‘விதி முடிந்துவிட்டது’ என்றனர். சில நாள் கழித்து அந்தச் சிறுவன் என்னிடம் கேட்டான்: “விதி என்றால், தலைக்கவசம் போட்டிருந்தாலும் அண்ணன் செத்திருப்பானா, ஐயா?”

பெரியவர்களுக்கு எழாத அந்த ஐயம், முன்பொரு மருத்துவருக்கு எழுந்தது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழப்பட்டவர் 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ‘ஆண்டவன் அழைத்துக்கொண்டான்’ என்று கூறிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. மோட்டார் சைக்கிளில் சென்று தலையடிபட்டோரை ஆராய்ந்தார். தலைக்கவசத்தின் பயனை விளக்கி 1941இல் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், தலைக்கவசம் சாவின் வாய்ப்பை 42 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டனர். 1959இல் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர், தோளையும் இடுப்பையும் மும்முனையில் பிணைக்கும் இருக்கைப் பட்டையைக் காருக்குத் தந்தார். மந்திரித்த கயிறு எத்தனை உயிரைக் காத்தது? இந்தப் பட்டை எத்தனை உயிரைக் காத்தது? எண்ணிப் பாருங்கள்!

அண்ணன் உறுதியாகப் பிழைத்திருப்பான் என்று அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. பிழைக்க ஒரு வழி இருந்தது என்றேன். தலைவிதியை எழுதியவனைக் கண்டவர் யாருமில்லை. சாலைவிதியை எழுதியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில், ஓட்டுபவர்க்கு மட்டுமன்றிப் பின்னே அமர்பவர்க்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்ற அச்சமும் இனி வேண்டா. உதவ வருவோரைக் காக்கும் நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் சட்டத்திலும் 134அ என்ற பிரிவு சேர்ந்தது. விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை ஏற்க 2021 டிசம்பரில் தமிழக அரசு திட்டம் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று அத்திட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லையோர ஊரார் நாம் இதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

தோழர்களே! அடுத்த ஆயுத பூசை மாலையில் நால்வர் சேர்ந்து துடைப்பத்துடன் தெருவில் இறங்குங்கள். சிதறிய பூசணியை அள்ளுங்கள். பண்டிகைக்குப் புறப்படும் அண்ணனிடம், “ஒரு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை, தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்திவிடு அண்ணா” என்று சொல்லுங்கள். கைப்பிடியில் தொங்கும் கவசத்தை எடுத்து அவன் தலையில் நீங்களே மாட்டுங்கள். எலுமிச்சை சோற்றுக்குப் போகட்டும். பூசணி கூட்டுக்குப் போகட்டும். அண்ணன் வீட்டுக்கு வரட்டும்!