சல்வீனியாவின் சொந்த ஊர்

கேரளத்தின் குட்டநாட்டில் அதை ஆப்பிரிக்கன் பாயல் என்கிறார்கள். இலங்கையில் சல்வீனியா. வேர் கிடையாது, பூ கிடையாது, விதையும் கிடையாது. ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வளர்ந்து, வள்ளம் போக வழியில்லாதபடி கால்வாயை அடைத்துவிடும். வயலுக்குள் புகுந்தால் நெல்லை எழவிடாது. இது பெரணி இனம் என்று தெரிந்தபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. நான் பார்த்த பெரணியெல்லாம் மலைக்காட்டு நிழலிலும் ஈரப்பாறை இடுக்கிலும் ஒதுங்கி வளர்பவை. நடுவெயிலில் மிதந்துகொண்டு சோற்றில் கைவைக்கும் இந்தப் பெரணி எந்த ஊரிலிருந்து வந்தது? அதைத்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் செடியையே பார்த்தேன். ஒரு கணுவுக்கு மூன்று இலை. இரண்டு மேலே மிதக்கின்றன. மூன்றாவது, தண்ணீருக்குள் நார்நாராகப் பிரிந்து தொங்குகிறது. வேர் என்று நாம் நினைப்பது அந்த இலையைத்தான். மிதக்கும் இலையின் முதுகு முழுக்க மயிர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு மயிர்க்காம்பின் உச்சியிலும் நான்கு இழைகள் வெளிப்பக்கமாக வளைந்து நுனியில் மறுபடி ஒன்றுகூடுகின்றன. முட்டை அடிக்கும் கம்பி மத்தின் தலை அச்சாக அப்படித்தான் இருக்கும். இந்தக் கூண்டுகளுக்கிடையே காற்று தங்கிவிடுவதால் இலையை எத்தனை முறை அமுக்கினாலும் நனையாமல் மேலே வருகிறது. மயிர் முழுவதும் நீரைத் தள்ளும், நுனி மட்டும் நீரைப் பற்றிக்கொள்ளும், அதனால்தான் காற்றுப்படலம் கலைவதில்லை என்று ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டின் குழு 2010இல் விளக்கியது.

அந்த ஒட்டிய நுனிதான் எனக்குக் கிடைத்த முதல் தடயம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தொன்றுதொட்டு இருக்கும் சல்வீனியா நட்டான்ஸில் இழைகள் பிரிந்தே நிற்கும். நுனி ஒட்டிய கூட்டம் மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது.

அப்படியானால் பேரில் ஆப்பிரிக்கா எப்படி வந்தது? கரீபா அணையால் இருக்கலாம். சாம்பேசி ஆற்றை மறித்து 1958 டிசம்பரில் நீரைத் தேக்கினார்கள். அடுத்த மே மாதமே செடி கண்ணில் பட்டது. 1962இல் ஏறக்குறைய 1000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை அது மூடியிருந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டதால் பேரும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இலங்கைக்கு அது அதற்கு முன்பே வந்துவிட்டது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குக் கொண்டுவரப்பட்ட செடி அங்கிருந்து வெளியேறி, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நெல்வயலைப் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரம் வேளி ஏரியில் 1955இல் காணப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்து ஆவணங்களில் இதற்கு இருக்கும் பெயர் சல்வீனியா ஆரிகுலாட்டா. பிரெஞ்சு கயானாவில் தான் கண்ட செடிக்குத் தாவரவியலாளர் ஆப்லே 1775இல் வைத்த பெயர் அது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. விளைவு சாதாரணமானதல்ல. ஆரிகுலாட்டாவைத் தின்னும் பூச்சிகளை டிரினிடாட் பக்கம் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். கூன்வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி என்று மூன்றையும் முயன்றும் எதிர்பார்த்த பலன் இல்லை.

அர்ஜென்டினாவின் எலியாஸ் தெ லா சோட்டா 1960களில் இந்த ஒட்டிய நுனிக் கூட்டத்தைப் பிரித்துப் பார்த்தார். கரீபாச் செடியை ஆராய்ந்த டி. எஸ். மிட்செல், அது ஆரிகுலாட்டாவே அல்ல என்று காட்டி, 1972இல் சல்வீனியா மொலெஸ்டா என்று தனிப் பெயர் சூட்டினார். அதன் வித்துப்பைகளுக்குள் முளைக்கும் வித்து இல்லை. குரோமோசோம்கள் 45, அதாவது ஒன்பதின் ஐந்து மடங்கு. சீராக இரண்டாகப் பிரிய வழியில்லாத கலப்பினம். ஒடிந்த துண்டிலிருந்து மட்டுமே பெருகுகிறது. ஹெர்பேரியத் தாளை வைத்துக்கொண்டு வித்துப்பை எண்ணுகிறவர்களால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் மிட்செலைத்தான் காட்டுவேன்.

ஆனால் பெயர் கிடைத்தும் ஊர் கிடைக்கவில்லை. தோட்டக்கலையில் பிறந்த கலப்பினமாக இருக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. 1978இல்தான் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோவும் கென் ஹார்லியும் அதை இயற்கையாக வளரும் இடத்தில் கண்டார்கள்: தென்கிழக்கு பிரேசில், தெற்கு அட்சரேகை 24 முதல் 32 பாகை வரை, கடலோரத்திலிருந்து உள்நாட்டில் சுமார் 200 கிலோமீட்டருக்குள். உலகின் வெப்பநாடுகளையெல்லாம் வளைத்த செடிக்குச் சொந்தமானது இந்த ஒடுங்கிய பட்டைதான். டிரினிடாடிலிருந்து 4000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே அது யாருக்கும் தொல்லையில்லை. குளம் குட்டைகளில் மற்றச் செடிகளோடு அடங்கிக் கிடக்கிறது, காரணம் அதைத் தின்பவையும் அங்கேயே இருக்கின்றன.

அவற்றில் ஒன்று, 2 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்புக் கூன்வண்டு. பிரேசிலின் ஜொயின்வில் நகரப் பகுதியில் பிடித்து, ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே மூண்டாரா ஏரியில் 1980 ஜூனில் விட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டுக்குள் ஏரி ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. டிரினிடாடிலிருந்து முன்பு கொண்டுபோன வண்டும் இதுவும் ஒன்றே என்று நினைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். பூச்சியியலாளர்களான கால்டரும் சாண்ட்ஸும் 1985இல் விடை சொன்னார்கள்: வண்டும் வேறு இனம். வளர்ந்த வண்டு மொட்டைத் தின்ன, அதன் புழு தண்டைக் குடைந்து உள்ளே போகிறது. குடைந்த தண்டு அழுகி மூழ்குகிறது.

இந்தத் தேடலில் என்னை மிகவும் உலுக்கியது பப்புவா நியூகினியின் செபிக் ஆறு. மீனும் சவ்வரிசி மாவும் தேடிப் படகில் போயே வாழும் மக்கள். 1970களில் வந்த செடி 250 சதுர கிலோமீட்டரை மூடியபோது சந்தையும் பள்ளியும் மருத்துவமனையும் அவர்களுக்கு எட்டாமல் போயின. வண்டை விட்டபோது முதலில் நிலைக்கவில்லை. செடியில் தழைச்சத்து குறைவு. எந்தச் செடியை ஒழிக்க வந்தார்களோ அதற்கே யூரியா போட்டுத் தழைக்க வைத்தார்கள். வண்டு பெருகியது. வண்டேறிய செடிகளை மூட்டை மூட்டையாக அடுத்தடுத்த ஏரிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1985 நடுவில் எஞ்சியது 2 சதுர கிலோமீட்டர்.

கேரளத்திலும் அதே பத்தாண்டில் அந்த வண்டு விடப்பட்டது. இலங்கையில் 1986இல் விட்டார்கள், கொழும்புக்குச் செடி வந்து 47 ஆண்டுகள் கழித்து.