ஃப்ளோரிடா பிரயாணம்: விட்டுப்போன ஒரு விஷயம்

நம் சங்கத்தில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். 1982ஆம் வருடம் மார்ச் மாதம் நாங்கள் நான்கு மாணவர்கள் ஒரு பழைய காரில் ஓஹையோவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போய்வந்த கதை. சொல்பவர் என் நண்பர். காருக்குச் சொந்தக்காரரும் அவரே. "ஜார்ஜியா முழுக்க இவன்தான் ஓட்டினான். ராத்திரி பூரா கண்ணைக்கூட இமைக்கவில்லை" என்று கத்தி முனையால் என்னைக் காட்டுவார். நான் கத்தரிக்காயைப் பார்த்துக் கொண்டிருப்பேன்.

இவ்வருடச் சிவராத்திரியன்று, கண் விழித்திருந்தவர்கள் நடுவே, மறுபடியும் சொன்னார். கேட்டுக் கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் தாங்களும் வசந்த கால விடுமுறைக்கு அதே வழியில், எங்கும் தங்காமல், இரவோடு இரவாகப் போகப் போவதாகச் சொன்னார்கள். "அங்கிள் அந்தக் காலத்துக் காரிலேயே போயிருக்கிறார், எங்களுக்கு என்ன?" என்றான் ஒருவன். அன்றைக்கு நான் கண் விழித்ததற்குச் சிவபக்தி காரணமல்ல. ஆகவே இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டு மாணவர்களுக்கு மார்ச் மாதம் ஒரு வாரம் விடுமுறை வருகிறது. வடக்கே இருப்பவர்கள் அந்த ஒரு வாரத்தில் சூரியனைப் பார்த்துவிட வேண்டுமென்று தெற்கே ஓடுவார்கள். 1930களில் நீச்சல் வீரர்கள் பயிற்சிக்காக ஃபோர்ட் லாடர்டேல் போனதில் தொடங்கிய வழக்கம் இது. 1960இல் 'வேர் தி பாய்ஸ் ஆர்' என்ற சினிமா வந்தபின் கூட்டம் பெருகி, 1985இல் மூன்றரை லட்சம் மாணவர்கள் வந்ததாகக் கணக்கிட்டார்கள். ஊர்க்காரர்களே போதும் போதும் என்று விரட்ட ஆரம்பித்த பிறகு, கூட்டம் டேடோனா பக்கம் திரும்பியது.

எங்களுக்குக் கடற்கரையில் நாட்டமில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். ஆனால் உண்மையான காரணம் வேறு. மார்ச் 22ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொலம்பியா விண்கலம் மூன்றாம் முறையாகப் புறப்படுவதாக இருந்தது. நால்வரும் என்ஜினீயரிங் மாணவர்கள். டெலிவிஷனில் பார்த்தது போதவில்லை.

நண்பரின் கார் 1972ஆம் வருடத்து டாட்ஜ் டார்ட். பச்சை நிறம், ஒரு கதவு மட்டும் வேறு பச்சை. நண்பரையும் என்னையும் தவிர, ஓர் ஆந்திரர், ஒரு பூனாக்காரர். லைசென்ஸ் இருந்தது எங்கள் இருவரிடம் மட்டுமே. என்னுடையதற்கு வயது நான்கு மாதம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே எழுந்து புளியோதரை கலந்தேன். இந்த ஐந்து மணியை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவும். காரின் முன்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, பதினோரு மணிக்குக் கொலம்பஸ் நகரை விட்டுப் புறப்பட்டோம்.

சின்சினாட்டியில் ஓஹையோ நதியை இரண்டடுக்குப் பாலத்தில் கடந்தால் கென்டக்கி. அங்கே நான் ஓட்டினேன். குதிரைப் பண்ணைகளும் வெள்ளை வேலிகளும் போய், மாலைக்குள் மலை வந்துவிட்டது. டென்னஸி எல்லையில் ஜெல்லிக்கோ என்ற ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. கார் முனகிற்று. ஒருபுறம் பாறை, ஒருபுறம் பள்ளம், பின்னால் ஒரு பெரிய லாரி. நண்பர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பூனாக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த மலையில் நால்வருமே விழிப்பாக இருந்தோம் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

நாக்ஸ்வில்லில் பெட்ரோல் போட்டபோது கடைக்காரர், "உலகப் பொருட்காட்சிக்கு வந்தவர்களா?" என்று விசாரித்தார். அது மே மாதம்தான் தொடங்கவிருந்தது. இந்தியர்கள் எதற்கும் முன்கூட்டியே வந்துவிடுவார்கள் என்று அவருக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கலாம். நம் சங்கக் கூட்டங்களுக்கு அவர் வந்ததில்லை. வழியில் களஞ்சியக் கூரைகள் மீது 'ராக் சிட்டியைப் பாருங்கள்' என்று பெரிய பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். சட்டனூகா அருகே மலைமேல் உள்ள பூங்காவுக்கு 1930களிலிருந்து நடந்துவரும் விளம்பரம் அது. கூரைக்கு இலவசமாகப் பெயின்ட் கிடைக்கிறதே என்று குடியானவர்கள் சம்மதித்தார்களாம். நம்மூர்ச் சுவர்களில் பற்பொடியும் பீடியும் எழுதியது ஞாபகம் வந்தது. புளியோதரை சட்டனூகாவில் தீர்ந்தது.

அட்லாண்டாவைத் தாண்டும்போது இரவு மணி பன்னிரண்டரை. நண்பர் களைத்துப் போயிருந்தார். நான் ஓட்டுகிறேன் என்றேன். முன் ஸீட்டில் உட்காருபவர் ஓட்டுபவரோடு பேசிக்கொண்டே வரவேண்டும் என்பது புறப்படும்போது நாங்கள் போட்டுக் கொண்ட ஏற்பாடு. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கோவை விவசாயக் கல்லூரி கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ சொன்னார். "நீ தூங்கு. எனக்குத் தூக்கமே வரவில்லை" என்றேன். அது பொய்யல்ல, உண்மையாகவே வரவில்லை. புது லைசென்ஸின் கர்வமும் இருந்தது.

மேகானுக்குத் தெற்கே சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. இருபுறமும் பைன் மரம், நிலக்கடலை வயல். இருட்டில் எதுவும் தெரியாது. விளக்கு விழும் கொஞ்சம் தார்ச்சாலையும் வெள்ளைக் கோடும்தான். கார்டீல் என்ற ஊரின் பலகையைப் பார்த்தேன். தர்ப்பூசணிக்குப் பெயர்போன ஊர். ஜனாதிபதி கார்ட்டரின் பிளெயின்ஸ் கிராமத்துக்கு அங்கே மேற்கே திரும்ப வேண்டும். மணி மூன்றேகால். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். அடுத்தது ஆஷ்பர்ன், அங்கே சாலையோரம் செங்கல் மேடைமேல் பெரிய நிலக்கடலை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள், எழுப்பிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

அந்த நிலக்கடலையை நான் பார்க்கவில்லை.

அடுத்தபடியாக எனக்குத் தெரிந்தது ஒரு சப்தம். சரளைக் கல் காரின் அடிவயிற்றில் படபடவென்று அடிக்கும் சப்தம். வலது சக்கரங்கள் இரண்டும் சாலையை விட்டு இறங்கியிருந்தன. எதிரே ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெளிச்சத்தில் வெள்ளையாக வந்து கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்தேன். முன்சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பில் 'டங்'கென்று மோதி ஏறியது. கார் சாலையின் மறுபக்கம் வரை ஆடிப்போய்த் திரும்பியது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

நண்பர் திடுக்கிட்டு விழித்தார். "என்னடா ஆச்சு?"

"மான் ஒன்று குறுக்கே வந்தது."

"தப்பித்ததா?"

"தப்பித்துவிட்டது."

"சபாஷ்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போனார். பின்னால் இருந்த இருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. அதன்பிறகு விடியும்வரை நான் கண்ணை இமைக்கவில்லை என்பது வாஸ்தவமே. கை நடுங்கிக் கொண்டிருந்தது. ஃப்ளோரிடா எல்லையில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஆரஞ்சுச் சாறு கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடித்தபோதுதான் நடுக்கம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை டேடோனாவில் கழிந்தது. அங்கே மணல் சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். கடற்கரையிலேயே கார் ஓட்டலாம். 1935இல் மால்கம் காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர் மணிக்கு 276 மைல் வேகத்தில் ஓட்டியது அந்த மணலில்தான். எங்களுக்குப் பத்து மைலுக்கு மேல் அனுமதியில்லை. ஜனசமுத்திரத்தின் நடுவே வேட்டியோடு கடலில் இறங்கிய ஆந்திர நண்பரைப் பலர் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை டைட்டஸ்வில் போகும் வழியில், பாதித் தூரத்தில், வலது முன் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்றில்லை. ஒரு புண்ணியவான் தன் வண்டியில் நண்பரையும் ஸ்டெப்னியையும் ஏற்றிக்கொண்டு போய்க் காற்றடித்துக் கொண்டுவந்து விட்டார். நாங்கள் ஆற்றங்கரை போய்ச் சேரும்போது மணி பத்து அடித்து ஐந்து நிமிஷம். ஆற்றின் பெயரே இந்தியன் ரிவர். எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தோம். ஆனால் கூட்டம் கலையவில்லை. டிரான்ஸிஸ்டர் வைத்திருந்த ஒருவர், தரையில் நைட்ரஜன் வாயுக் குழாயின் ஹீட்டர் பழுதாகி, ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றார்.

பதினோரு மணிக்கு அது கிளம்பியது. பன்னிரண்டு மைலுக்கு அப்பால், ஆற்றுக்கு அக்கரையில், கண் கூசும் ஒரு வெளிச்சம் சத்தமே இல்லாமல் மேலே ஏறியது. முதல் இரு தடவையும் வெள்ளை அடித்திருந்த பெரிய எரிபொருள் தொட்டியை எடையைக் குறைக்க இம்முறை பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார்கள். துருவின் நிறத்தில் இருந்தது. சுமார் ஒரு நிமிஷம் கழித்தே சப்தம் வந்து சேர்ந்தது. காதில் கேட்டதைவிட நெஞ்சில் கேட்டது அதிகம். ஆந்திர நண்பர் கைகூப்பிவிட்டார். நான் மற்ற மூன்று பேருடைய முகங்களையும் பார்த்தேன். முந்தின நாள் விடியற்காலம் அந்தக் கைப்பிடிச் சுவர் வெள்ளையாக வந்தது கண்முன் நின்றது.

(அதே கொலம்பியா 2003 பிப்ரவரி 1ஆம் தேதி ஏழு பேரோடு அழிந்தது. அவர்களில் ஒருவரான கல்பனா சாவ்லா, நாங்கள் ஆற்றங்கரையில் நின்ற அந்த 1982இல்தான் சண்டிகரில் என்ஜினீயரிங் பட்டம் பெற்றார்.)

திரும்பும்போது, கண் வலிக்கிறது, பகலில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வழியில் ஓர் இரவு தங்கினோம். அதனால் அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் சமாதியையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது. "ஒரு ராத்திரிக்கே வீரம் தீர்ந்துவிட்டதா?" என்று நண்பர் கேலி செய்தார்.

நிற்க. இதுவரை எழுதியதைவிட இனி எழுதப் போவதுதான் எனக்குச் சிரமம். கொலம்பஸ் வந்ததும் நண்பர் வெடித்த டயரைத் தூக்கிக் கொண்டு, டிசம்பரில் அதை வாங்கிய சிறு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூன்று மாதம்கூட உழைக்காத டயரை விற்றாயே என்று சத்தம் போட்டார். கடைக்காரர் வயதானவர். டயரைத் திருப்பி, பக்கச் சுவரைக் கட்டைவிரலால் தடவி, ஓரிடத்தில் நிறுத்தினார். "எதன் மீதாவது மோதினீர்களா?" என்று கேட்டார். "இல்லவே இல்லை" என்றார் நண்பர். அவருக்குத் தெரிந்தவரையில் அது உண்மை. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், வேறு டயர் ஒன்றை எடுத்து மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. விலை 22 டாலர். வெளியே வந்ததும் நண்பர், "நாலு வார்த்தை உரக்கப் பேசினால்தான் இவர்களுக்குப் புரிகிறது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தவன் மறுநாள் விடியற்காலம் மூன்றரை மணிக்குக் கார் ஓட்டினால் இருபத்திரண்டு மணி நேரம் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். பதினேழு மணி நேரம் விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவனைப் போலத்தான் கையும் கண்ணும் வேலை செய்யும் என்று பிற்பாடு ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். விடியற்காலம் இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும் நேரம். இப்போது பல நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், சக்கரம் விலகினால் கடகடவென்று உலுக்குகிற பள்ளங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்று எனக்குச் சரளைக் கல் இருந்தது. தூக்கம் வந்தால் நமக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்குத் தெரியவில்லை. கார்டீல் பலகைக்கும் சரளைக் கல்லுக்கும் நடுவில் எத்தனை மைல் ஓட்டினேன் என்பதும் தெரியாது.

அந்தப் பிள்ளைகள் நால்வரிடமும் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். ஒருவன் சிரித்தான், மற்ற மூவரும் சிரிக்கவில்லை. சட்டனூகாவில் ஓர் இரவு தங்கிப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அறை வாடகை என் பொறுப்பு. அது 22 டாலரைவிட மிக அதிகம். வட்டியோடு சேர்த்து என்று வைத்துக் கொள்கிறேன். டயர்க் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டிடம்.

நண்பரிடம் மட்டும் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. நம் மடலை அவர் முதல் பக்கம் தொடங்கி நன்கொடையாளர் பட்டியல் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். அடுத்த அன்னதானத்துக்கு வழக்கம்போல் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவேன். மான் எதுவும் வரவில்லை, சாமி.